எழுவான்கரை நேரம் பத்து ஐம்பத்தைந்து

எங்கள் வாவியின் இரண்டு கரைகளுக்கும் ஒரு காலத்தில் இரண்டு நேரம் இருந்தது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்பது எல்லோருக்கும் தெரியும். நேரமும் வேறாக இருந்தது என்று இப்போது சொன்னால், நான் கதை விடுகிறேன் என்று இளம் ஆட்கள் நினைக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கம் நாடு முழுவதற்கும் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்தது. கடைசியில் அந்தத் தள்ளல் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. அரசாங்கத்தின் கையில் இருந்த எழுவான்கரையில் நாங்கள் புதிய நேரத்துக்கு மாறினோம். அரசாங்கத்தோடு சண்டையிட்ட இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரை பழைய நேரத்திலேயே இருந்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவே பாதை ஓடியது. பாதை என்றால் எங்கள் பேச்சில் தெரு அல்ல. பக்கத்தில் பக்கத்தில் கட்டிய இரண்டு தோணிகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் போகும் மிதவை. காலை ஒன்பது மணிக்கு அதில் ஏறினால் எட்டே முக்காலுக்கு அக்கரையில் இறங்கலாம். எத்தனையோ தரம் போய் வந்தும் இது எனக்குப் பழகவில்லை. பாதை நடு வாவிக்கு வரும்போது இயந்திரச் சத்தம் தண்ணீரில் பரவித் தேய்ந்துவிடும். கரைச் சேற்றுக் கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்கும். அந்த இடத்தில் நேரம் என்ன என்று யாரும் யாரையும் கேட்டதை நான் கண்டதில்லை. போகும் வழியில் கிடைத்து, வரும் வழியில் தொலையும் அந்த அரை மணித்தியாலம் அங்கேதான் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். பொழுதுபோக்கு, குறிப்பெழுதுவது. நாள், கிழமை, நேரம், மழை, நீர்மட்டம், யார் வந்தார், யார் போனார் என்று இருபது வயதிலிருந்து எழுதி வந்தேன். கல்லடியில் கடலிலிருந்து நாலாவது ஒழுங்கையில் எங்கள் வீடு. மார்கழிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை அலை வந்தபோது வீட்டில் நாங்கள் யாரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது சுவர் மணிக்கூடு ஒன்பதுக்குக் கிட்ட நின்றிருந்தது. குறிப்புக் கொப்பிகள் வைத்திருந்த தகரப் பெட்டியைக் காணவில்லை. ஊரே ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கொப்பிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் வரியில் மணிக்கூடு நின்ற நேரத்தை எழுதி, பக்கத்தில் 'புதிய நேரம்' என்று போட்டேன். அன்றிலிருந்து எந்த நேரத்தை எழுதினாலும் இரண்டாக எழுதும் பழக்கம் வந்தது. புதியது இடப்பக்கம், பழையது வலப்பக்கம்.

அலைக்குப் பிறகு வந்த உதவிக் குழுக்களில் ஒன்றுதான் அந்த அட்டைகளைக் கொண்டுவந்தது. தீப்பெட்டியை விடச் சற்று நீளமான வெள்ளைப் பிளாத்திக்குத் துண்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம், அதன் மேல் இரண்டு சொட்டுக் கரைசல். பதினைந்து நிமிடத்தில் சின்ன ஜன்னலில் கோடு எழும்பும். மேலே ஒரு கோடு மட்டும் வந்தால் எச்.ஐ.வி கிருமிக்கான அடையாளம் இல்லை. கீழே இன்னொன்றும் வந்தால் ஐமிச்சம். நாளத்தில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை எங்கள் பக்கத்தில் அந்தச் சோதனை என்றாலே கொழும்புதான். தெரு மூடினால் இரத்தக் குழாய் காவலரணிலேயே வெயிலில் கெட்டுவிடும். முடிவு வர வாரங்கள் ஆகும். வரும்போது ஆள் இடம்பெயர்ந்து போயிருப்பார். இந்த அட்டைக்கு மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். மீன் வியாபாரிகள் வைத்திருக்கும், சூடு புகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில், பொலித்தீன் பையில் கட்டிய ஐசோடு வைத்து மடியில் தூக்கிப் போகலாம். விலையும் எங்கள் போன்ற இடத்துக்கு ஏற்ற விலைதான்.

ஒரேயொரு நிபந்தனை இருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு முன் பார்க்கக் கூடாது. இருபது நிமிடத்துக்குப் பின் பார்த்ததை நம்பக் கூடாது. பிந்தினால் அட்டை காய்ந்து, இல்லாத கோடும் நிழல் போல எழும்பலாம்.

புதன்கிழமைகளில் படுவான்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பாலர் பாடசாலை மண்டபத்தை எங்களுக்கு விட்டிருந்தார்கள். சுவரில் அம்மா, ஆடு, இலை, ஈட்டி என்று படங்கள், அவற்றுக்கு மேலே ஒரு மணிக்கூடு. கதிரைகளெல்லாம் முழங்கால் உயரம். வந்தவர்கள் பெரிய உடம்பை அந்தக் கதிரைகளில் மடித்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் போல் இருப்பார்கள். அங்கே எனக்குத் துணை அந்த ஊர்க் குடும்பநல மருத்துவிச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே எனக்கு அக்கா. வயல் வட்டை வழியே சைக்கிளில் போய் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதியைக் கையில் ஏந்தியவர். எந்த நோய்வருத்தத்துக்கு இந்தச் சோதனை, கோடு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று ஆட்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. குத்துவதும் வாசிப்பதும் என் வேலை.

"இருகா புள்ள, கதிரை உடையாது. போன கிழமை இந்தத் தம்பியே அதிலதான் இருந்தவர்" என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் விரலைப் பிடித்துத் தருவார்.

பெயர் எழுதுவதில்லை. இலக்கம் மட்டுந்தான். அந்த ஊரில் பெயரும் அந்த வருத்தமும் ஒரே கடதாசியில் வந்தால், வருத்தம் இல்லாதவரும் வாழ முடியாது.

நான் சொல்ல வந்த புதன்கிழமை அலைக்கு அடுத்த வருடத்தின் மறு வருடம், மாசி மாதம். வாவி முழுக்கப் பனி படிந்திருந்தது. பாதை எதற்குள் போகிறது என்றே தெரியவில்லை.

"ஐயா, வெளிக்கிட்ட நேரம் எழுதியாச்சோ?" என்றார் பாதைக்காரர்.

"ஒன்பது மூன்று."

"அப்ப இறங்கக்க ஒன்பதாகாது. நான் ஒரு நாளைக்கு எட்டுத் தரம் போறன். எனக்கு வயசு போகாது எண்டு மனிசிக்குச் சொல்லுங்க."

"திரும்பி வரக்க எல்லாத்தையும் குடுத்திருவீங்களே."

"அதைச் சொல்லாதீங்க."

பதினேழாம் இலக்கம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க பெண். தோளில் நாலு மாதக் கைக்குழந்தை. அவளுடைய புருசன் வெளிநாட்டில் வாகனம் ஓட்டியவன். அலையில் தாயைக் காணவில்லை என்று கேள்விப்பட்டு வேலையை விட்டு ஓடி வந்தவன். தாய் கிடைக்கவில்லை. வந்த அடுத்த மாரியில் இருமலும் காய்ச்சலுமாக மெலிந்து மெலிந்து, தை பிறக்கச் செத்துப்போனான். என்ன வருத்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஊர் சொல்லத் தொடங்கியிருந்தது. அவளுக்கு ஊரைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா எல்லாவற்றையும் விளங்கப்படுத்தி முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு இருந்தா, பாலில புள்ளைக்குப் போகுமா?"

"போகலாம்" என்றார் அக்கா. பொய் சொல்லத் தெரியாத மனிசி.

"அப்ப பாருங்க" என்று விரலை நீட்டினாள்.

அன்று ஐந்து அட்டைகள் வரிசையாக மேசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை விளிம்பில் இலக்கத்தையும் வாசிக்க வேண்டிய நேரத்தையும் எழுதுவேன். பதினேழாம் அட்டையில் துளி விட்டது பத்து நாற்பது. பழைய நேரம் பத்துப் பத்து. பதிவுக் கொப்பியில் வழக்கம்போல இரண்டையும் எழுதினேன். அட்டையின் விளிம்பில் ஒரு நேரத்துக்குத்தான் இடம் இருந்தது. 10.55 என்று எழுதினேன். என் கைக்கடிகாரத்தின் நேரம்.

படுவான்கரையில் ஒரு மரியாதை உண்டு. அந்தக் கரையில் நின்று நேரம் சொன்னால் அந்தக் கரை நேரம்தான் சொல்ல வேண்டும். சந்தையில், கோயிலில், செத்தவீட்டில், எங்கும் அப்படித்தான். நானும் வாயால் சொல்லும்போது எப்போதும் அரை மணித்தியாலத்தைக் கழித்தே சொல்வேன். அட்டைகளை நானே குத்தி நானே வாசித்ததால், அதில் எந்த நேரம் என்ற கேள்வி அதுவரை எழும்பவே இல்லை.

எழுதி முடித்த கையோடு துறையில் இருந்த இயக்கத்தின் காவலரணிலிருந்து ஒருவர் வந்தார். பாதையின் இரண்டாம் ஓட்டத்தில் எங்களுக்கு வந்த ஊசிப் பெட்டியை மறித்து வைத்திருக்கிறார்களாம். பொறுப்பான ஆள் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"அக்கா, நான் பிந்தினா நீங்களே வாசியுங்க. நேரம் அட்டையில இரிக்கு."

"போயிட்டு வாங்க தம்பி. எனக்குக் கண் தெரியும்."

பதிவுக் கொப்பியைக் கையோடு கொண்டுபோனேன். எங்கே போனாலும் கொண்டுபோவேன். அன்று மட்டும் அதை மேசையில் விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காவலரணில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தார்கள். இது எதற்கு, அது எதற்கு. ஒருவர் என் கொப்பியைப் புரட்டி, "எல்லாத்துக்கும் ரெண்டு நேரம் போட்டிருக்கு. நீங்க எந்தப் பக்கம்?" என்றார். பகிடியா இல்லையா என்று தெரியாமல் நான் சிரித்தேன். விடும்போது, மத்தியானத்தோடு பாதை நிற்கும், அதற்குமுன் போய்விடுங்கள் என்றார்கள்.

பாலர் பாடசாலை வாசலுக்கு வந்தபோது என் கடிகாரத்தில் பதினொன்று இருபது. உள்ளே அக்கா தாய்மாரோடு வந்த குழந்தைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு, தம்பி" என்றார் திரும்பாமலே.

"சரி அக்கா" என்றேன்.

அதைக் காதால் கேட்டேன். சரி என்று வாயாலும் சொன்னேன். பிறகு விறாந்தையில் குந்தி ஊசிப் பெட்டியை மறுபடி அடுக்கத் தொடங்கினேன். மாமரத்து நிழலிலிருந்து அந்தப் பெண் எழுந்து என்னைக் கடந்து உள்ளே போனாள். குழந்தை அவளுடைய தோளில் நித்திரை.

உள்ளே பேச்சு தணிந்த குரலில் கேட்டது.

"ரெண்டு கோடா அக்கா அது?"

"மங்கலாத்தான் கிடக்கு. மங்கலை வைச்சு ஒண்டும் முடிவு சொல்லேலா. ரத்தம் எடுத்து அனுப்பிப் பாக்கோணும்."

"பால்?"

அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"முடிவு தெரியுமட்டும் குடுக்காத மகள். பால்மா தாறன். ஆனா பாலை வத்த விட்டிராத. பீச்சிப் பீச்சி விடு. விளங்குதா?"

நான் எழும்பி உள்ளே போவதற்குள் அவள் பின்கதவால் இறங்கி வரம்பில் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிட எனக்குப் பெயர் தெரியாது. மறுகா இரத்தம் எடுக்கலாம், அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார் அக்கா. அட்டையை வாங்கிப் பார்த்தேன். கீழ்க்கோடு இருந்தது. பென்சிலால் எழுதி அழித்த இடம் போல, பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை என்கிற மாதிரி. மற்ற நான்கிலும் ஒற்றைக் கோடு. துறையில் பாதையின் சங்கு ஊதியது. அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பனி விலகி வாவி ஒரே வெளிச்சமாகக் கிடந்தது. நடு வாவியில் கொப்பியை விரித்து அன்றைய குறிப்பை எழுதினேன். மண்டபத்துக்குத் திரும்பி வந்தது: இடப்பக்கம் 11.20, வலப்பக்கம் 10.50. எழுதிவிட்டு அந்த வலப்பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் காதுக்குள் திரும்பி வந்தது. பதினேழுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு.

அவர் பார்த்தது மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டை, பழைய நேரத்தை. நான் எழுதியது என் கையில் இருந்த நேரத்தை. பதினைந்தாம் நிமிடத்தில் வாசிக்க வேண்டிய அட்டையை நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் வாசித்திருக்கிறார்.

தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது என்று நான் செல்லமாக நினைத்துவந்த அரை மணித்தியாலம் அது.

"திருப்ப ஏலுமா?" என்று பாதைக்காரரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு பகிடியை விழுங்கிக்கொண்டார்.

"ஏலாது ஐயா. இனி இண்டைக்கு இல்ல."

அன்றைக்கு மட்டுமல்ல. அன்று பின்னேரம் எங்கோ வெடி கேட்டது; மறுநாள் கடையடைப்பு; பாதை கரையில் கட்டிக் கிடந்தது. எனக்கு ஒரு விடயம் தெளிவாக இருந்தது. அந்தக் கோடு பொய் என்று எனக்குத் தெரியாது. பிந்தியதால் வந்த நிழலாக இருக்கலாம். பதினைந்தாம் நிமிடத்திலேயே வந்த உண்மைக் கோடாகவும் இருக்கலாம். தெரிய வேண்டிய நேரத்தில் பார்க்காததால் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு குழந்தை தாயின் பால் இல்லாமல் நாட்களைக் கழிக்கிறது. இந்த நிச்சயமின்மையாவது அவளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எப்படிச் சொல்வது? கடிதம் எழுதினால் காவலரணில் படிப்பார்கள். ஆளிடம் சொல்லி அனுப்பினால் ஊர் படிக்கும். தினமும் காலையில் பஸ்ஸில் துறைக்குப் போய் நின்றேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை, காத்தான்குடிச் சந்தைக்கு இறால் கொண்டுவரும் தோணிக்காரர் ஒருவர் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். அக்கா கையால் பிறந்த பிள்ளைகள் அவருக்கு இரண்டு உண்டு என்பது எனக்குத் தெரியும். கொப்பியின் கடைசித் தாளில் ஒரு துண்டு கிழித்து எழுதினேன்.

17. 10.55 புதிய நேரம்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன ஐயா, பஸ் நேரமா? பதினேழாம் நம்பர் பஸ் எங்கட பக்கம் வாறதில்லையே."

"அக்காவுக்கு விளங்கும்."

"வேற ஒண்டும் இல்லையா? சுகமா இருக்கிறீங்களா, சாப்பிட்டீங்களா?"

"அதையும் சொல்லுங்க."

"ரெண்டு சொல்லு எழுதிப்போட்டு மிச்சத்தை என்ர வாயில விடுறீங்க" என்று துண்டைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு தோணியைத் தள்ளினார். அது வெயிலில் சிறுத்துச் சிறுத்துக் கண்டல் நிழலோடு கலக்கும்வரை நின்றேன். பார்த்த நேரம் எழுதவில்லை. அந்த மாதத்தில் நேரம் இல்லாத குறிப்பு அது ஒன்றுதான்.

புதன்கிழமை பாதை விட்டார்கள். அக்கரையில் இறங்கியபோது அக்கா துறையிலேயே சைக்கிளோடு நின்றார். பக்கத்தில் அந்தப் பெண், குழந்தையோடு. அக்கா என்னைப் பார்த்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"துண்டு கிடைச்சவுடன இவளிட்ட ஓடினன் தம்பி. புள்ளையளை நிறுத்துக்கொண்டு இருந்தன், இண்டைக்கு ஏன் இப்பிடி இழுக்குது எண்டு ஒருக்கா நினைச்சனான். எழுத்தில கிடக்கிறதை நான் ஏன் சந்தேகப்படுவன்? எங்கட கரைக்கு வந்தா எங்கட நேரந்தானே போடுவீங்க எண்டு நினைச்சன்."

"பிழை என்ர, அக்கா."

"உங்கடதான்" என்றார். "ஆனா என்ர வாயாலதானே அந்தப் புள்ளைக்குப் போனது."

மண்டபத்துக்கு நடந்தோம். அந்தப் பெண் எங்களுக்கு முன்னே நடந்தாள். குழந்தை பால்மாவில் வயிறு ஊதி, மெலிந்து, சின்னக் கிழவி போல என்னை முறைத்துப் பார்த்தது. அவள் தினமும் மூன்று தரம் வாவிக்கரைக்கு நடந்துபோய்ப் பாலைத் தண்ணீரில் பீச்சிவிட்டு வருகிறாள் என்று அக்கா சொன்னார். நிலத்தில் விட்டு எறும்பு மொய்த்தால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்கா அந்த நம்பிக்கையை உள்ளுக்குள் நம்பாதவர். பால் வற்றாமல் இருக்க எதுவெல்லாம் உதவுமோ அதையெல்லாம் வாயால் ஆதரித்தார்.

அக்கா சுவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண் சின்னக் கதிரையில் இருந்து இரண்டையும் பார்த்தாள். பிறகு முதல் தரமாக என்னை நேரே பார்த்தாள்.

"இண்டைக்கு எந்த நேரத்தில பாக்கப்போறீங்க?"

"ரெண்டிலயும்" என்றேன்.

"ரெண்டும் ஒண்டைச் சொல்லுமா?"

"பதினைஞ்சு நிமிசம் ரெண்டிலயும் பதினைஞ்சு நிமிசந்தான்."

"அதை அண்டைக்கு எழுதியிருக்கலாமே" என்றாள். உண்மைதான். நேரத்தை எழுதாமல் 'பதினைந்து' என்று மட்டும் எழுதி ஒரு மணல் கடிகாரத்தை வைத்திருந்தால் போதும். இத்தனை வருடக் கொப்பிகளில் எனக்குத் தோன்றாத யோசனை அது.

புது அட்டை, விரல், துளி, இரண்டு சொட்டு. கரைசல் அட்டையில் மெதுவாக ஏறியது, மாரியில் வட்டைக்குள் வெள்ளம் ஏறுவது போல, இளஞ்சிவப்பாக, ஓசையில்லாமல். மேல் கோடு மூன்று நிமிடத்தில் எழும்பிவிட்டது. கீழே வெள்ளை. ஐந்து நிமிடம். குழந்தை அழத் தொடங்கியது. அக்கா அதை வாங்கித் தோளில் போட்டு ஆடு, இலை, ஈட்டி என்று சுவர்ப் படங்களைக் காட்டி நடந்தார். அது ஈட்டியைப் பார்க்கவில்லை. தாயின் மணம் வரும் பக்கத்துக்கே தலையைத் திருப்பியது. பத்து நிமிடம். அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்து வட்டமாகப் பரவியது. அவள் அதை மறைக்க முந்தானையை இழுத்தாள்; பிறகு விட்டுவிட்டாள். நான் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெள்ளையை அவ்வளவு நேரம் பார்த்தால் அதற்குள் என்னவெல்லாமோ தெரியும். வாவி தெரிந்தது. பனி தெரிந்தது. கோடு தெரிகிறது போலவும் இருந்தது, கண்ணைக் கொட்டினால் இல்லை.

பதினைந்து.

"ஒரு கோடு" என்றேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "ஒண்டுதான் மகள்" என்றார்.

"சரியா பாருங்க."

"நீயே பார்."

அவள் குனிந்து, மூக்கு முட்டுமளவு கிட்டப் போய்ப் பார்த்தாள். நிமிர்ந்து கையை நீட்டினாள். அக்கா குழந்தையைக் கொடுக்கப் போனார், பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தார். சட்டப்படி நான் சொல்ல வேண்டியது இருந்தது. புருசன் செத்து இரண்டு மாதமும் ஆகவில்லை. கடைசி நாட்களில் தொற்றியிருந்தால் இன்னும் காட்டாமல் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும். சொன்னேன். அவன் கார்த்திகையிலிருந்தே பாயில் கிடந்தவன், குழந்தை பிறந்த பிறகு தன்னைத் தொடவே இல்லை என்று அக்காவிடம் சொன்னாள், நான் அங்கே இல்லாதது போல.

"அப்ப குடு" என்றார் அக்கா. தன் பொறுப்பில் சொன்னார்.

அவள் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அழுகை பாதியில் அறுந்தது. பிறகு அந்த மண்டபத்தில் கேட்டது குழந்தை விழுங்கும் சத்தம் மட்டுந்தான். இரண்டு மணிக்கூடுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தன. நான் இருபது நிமிடம்வரை அட்டையைப் பார்த்திருந்துவிட்டு, அதற்குமேல் பார்க்கக் கூடாது என்று பைக்குள் போட்டேன்.

பங்குனி கழிந்து, சித்திரைப் புத்தாண்டோடு, அரசாங்கம் மணிக்கூட்டை மறுபடி பின்னே இழுத்தது. எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே நேரத்துக்கு வந்தன. "இனி எனக்கும் வயசு போகும்" என்றார் பாதைக்காரர். என் கொப்பியில் வலப்பக்கம் காலியாகத் தொடங்கியது. ஆனியில் அவள் மறுபடி வந்தாள். ஒரே கோடு. அக்கா அன்று கச்சான் அல்வா கொண்டுவந்திருந்தார். யாருக்கு எதற்கு என்று சொல்லாமல் வந்த எல்லோருக்கும் கொடுத்தார்.

பிறகு படுவான்கரையில் சண்டை தொடங்கியது. ஊர் ஊராக ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். பாலர் பாடசாலையின் கூரை போனது. அக்காவை ஒரு முகாமில் ஒரு தரம் கண்டேன். அங்கேயும் கூடாரத்துக்குள் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டிருந்தார். பதினேழைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், ஆவணியில் ஒரு பின்னேரம், அதே பாதையில் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிள்களுக்கு நடுவே அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு வாவியைப் பார்த்தாள். அதுதான் சரி. நானும் வாவியைப் பார்த்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண் அப்படி விடுவதாக இல்லை. என் மடியில் விரித்திருந்த கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து கையை என் முன் நீட்டினாள். மணிக்கட்டில் திருவிழாக் கடையில் வாங்கிய சிவப்புப் பிளாத்திக்கு மணிக்கூடு. நேரம் காட்டும் கம்பிகள் தாளில் அச்சடித்தவை.

"நேரம் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பத்துப் பத்து. பதினேழாம் அட்டையில் துளி விட்ட பழைய நேரம்.

"இஞ்ச வா புள்ள, ஆக்களைக் கரைச்சல் படுத்தாத" என்றாள் தாய், எங்களைத் திரும்பிப் பார்க்காமலே.

நடு வாவி. கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நின்றன. என் கையில் நாலு மணி இருபத்தாறு நிமிடம். கொப்பியில் அதை இடப்பக்கம் எழுதினேன். மூன்று வருடமாக ஒன்றும் எழுதாத வலப்பக்கத்தில், குழந்தை பார்த்துக்கொண்டு நிற்க, 10.10 என்று எழுதினேன்.